தராசு மலையேறும்போது

அன்புள்ள தம்பிக்கு,

தராசு ரிப்பேர் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். முதல் வேலையே கோத்தகிரிப் பக்கம், பச்சைத் தேயிலை எடை போடுகிற இடத்தில் என்றாய். அதனால்தான் போனில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக் தராசு வந்த புதிதில் நான் பட்ட அவமானம் இது. மேட்டுப்பாளையத்தில் கடையிலேயே ஒரு தராசைக் கச்சிதமாகச் சரிசெய்து ஊட்டிக்கு ஏற்றிப்போனேன். படிக்கல்லைக் கீழேயே விட்டுவிட்டேன், சுமக்கச் சோம்பல். முத்திரை போட வந்த ஆய்வாளர் தன் கற்களை 50 கிலோவுக்கு அடுக்கினார். திரையில் 49.975. அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

தராசுக்குள் எடையை உணரும் லோடு செல்லுக்குத் தெரிவது பூமியின் இழுப்பு மட்டும்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,200 சொச்சம். மேலே போகப் போக இழுப்பு தளரும். பழைய தட்டுத் தராசுக்கு இந்த வம்பே கிடையாது. தளர்ந்தால் கல்லுக்கும் சரக்குக்கும் சேர்ந்தே தளரும். இருபத்தைந்து கிராம் ஒரு பொருட்டா என்று கேட்காதே. நாளைக்கு ஐந்து டன் கொழுந்து வாங்குகிற பேக்டரியில் அது இரண்டரை கிலோ. அதுவும் எப்போதும் கொழுந்து கொடுத்தவன் பக்கமே குறையும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது வேறு வழக்கு, அதில் நீ தலையிடாதே.

அதனால் கல்லைக் கூடவே கொண்டுபோ. அந்தக் கல் வந்த கதையையும் கேள். என் தாத்தா கடையில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை என்றால் நம் கணக்கில் சுமார் 1.4 கிலோ. ஊர் மாறினால் மணங்கும் மாறும். எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரனின் ராத்தல். 1956-ல் சட்டம் வந்து, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ புகுந்தது. அந்தக் கிலோவின் மூலம் பாரீஸ் பக்கத்தில் இருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ம் எண் பிரதி டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் உருளைக்கும் ஓய்வு, பிளாங்க் மாறிலியை வைத்துத்தான் கிலோவுக்கு இலக்கணம். அது பெரிய இடத்துச் சமாச்சாரம். டெல்லியிலிருந்து கல்லுக்குக் கல் ஒப்பிட்டு இறங்கி வருகிற வரிசையில் கடைசிக் கல் உன் பையில் இருப்பது.

அதைப் புரட்டிப் பார். அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தில் முத்திரை. ஈயம் சுரண்டியிருந்தால் அந்தக் கல்லைத் தொடாதே. தரையில் போட்டு உருட்டாதே, எண்ணெய்க் கையால் எடுக்காதே.

எடை போடும் இடத்தில் சிமெண்டுத் தரை பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். முதலில் குமிழியைப் பார்த்து மட்டம் வை. அரைமணி நேரம் கரண்ட் கொடுத்துவிட்டு, கொழுந்து கொண்டுவந்தவர்கள் சுற்றி நிற்கும்போதே கல்லை ஏற்றிச் சரிசெய்.

கோத்தகிரி பஸ்ஸில் கல்லுக்கு லக்கேஜ் கேட்பார்கள். கொடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்