கப்பலில் மின்வடங்கள்: பதித்தலும் பாதுகாத்தலும்

கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறை குறிப்பிடுகின்றது. மரக்கலம் செலுத்தி வாணிகம் செய்த காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் பாயையும் கயிற்றையும் கண்போல் காத்தனர். இன்றைய கப்பலிலோ அந்தக் கயிற்றின் இடத்தில் மின்வடம் உள்ளது. அதனைப் பதிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

வீட்டுச் சுவரில் பதித்த கம்பி அசைவதில்லை. கப்பலோ எஞ்சினால் ஓயாது அதிர்கின்றது; அலைமேல் ஏறுங்கால் அதன் உடலே சற்று வளைகின்றது. ஆகவே தடித்த ஒற்றைக் கம்பிக்கு மாறாக, இழைகள் பலவற்றை முறுக்கிய செம்புக் கம்பியே இங்குப் பயன்படுகின்றது. வடங்களைத் தட்டுகளின்மேல் கிடத்தி, உராயாதவாறு பட்டைகளால் கட்டுவர். பிளாஸ்டிக் பட்டை மட்டுமே போதும் என்பாரும் உளர். தீப்பற்றினால் அது உருகிவிடும். வடங்கள் சரிந்து, தப்பிச் செல்லும் வழியை மறிக்கும். ஆதலின் இடையிடையே உலோகப் பட்டையும் வேண்டும்.

மிகுந்த விழிப்பு வேண்டுவது தடுப்புச் சுவர்களிலேயாம். நீர்புகாச் சுவரில் வடம் செல்லத் துளையிட்டு விட்டுவிட்டால், அது நீர்புகாச் சுவராக இராது. எனவே துளையில் இரும்புச் சட்டம் பொருத்தி, வடங்களைச் சுற்றி ரப்பர் போன்ற கட்டைகளை நெருக்கி, நீரும் நெருப்பும் கடவாதபடி அடைக்கின்றனர். பின்னொரு நாள் புதிய வடம் நுழைக்க அதைத் திறந்தவர் மீண்டும் அடைக்க மறந்தால், முன்னைய உழைப்பு அனைத்தும் வீணே.

டைட்டானிக் 1912இல் மூழ்கியபின், 1914இல் முதன்முதல் உருவான சோலாஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை இன்று அதன் 1974ஆம் ஆண்டு வடிவில் நடைமுறையில் உள்ளது. வடங்கள் தீயைப் பரப்பாதவையாக இருத்தல் வேண்டும் என்றும், அவசர விளக்குகளுக்குரிய வடங்கள் இயன்றவரை சமையலறை, சலவையறை, எஞ்சின் அறை ஆகியவற்றை விலகிச் செல்ல வேண்டும் என்றும் அது விதிக்கின்றது.

வடத்தை நன்கு பதித்தும் அதன் முனையில் பிழை நேர்ந்தால் என்னாகும்? 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட டாலி என்னும் சரக்குக் கப்பல், மின்சாரம் அற்று, உந்துவிசையும் திசைக்கட்டுப்பாடும் இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதிற்று. பாலம் சரிந்தது, அதன்மேல் சாலைப்பணி செய்துகொண்டிருந்தோரில் அறுவர் மாண்டனர். முதல் மின்தடைக்குக் காரணம், சரிவரச் செருகப்படாத ஒரு சிறு கம்பியே என 2025இல் அந்நாட்டு விசாரணை வாரியம் கண்டறிந்தது. மின்சாரம் மீண்டு வந்து இரண்டாம் முறையும் போயிற்று. அதன் காரணம் எரிபொருள் பம்பைச் சார்ந்தது, வேறு.

அக்கம்பியில் அடையாளப் பெயர்ப்பட்டை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. கம்பிகளை மாற்றி இணைத்துவிடாமல் காப்பதற்காக மாட்டும் பட்டை அது. உரிய இடத்தில் மாட்டாமையால், கம்பியின் முனை இணைப்புக் கட்டைக்குள் முழுதும் நுழையாதவாறு அதுவே தடுத்துவிட்டது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்குச் செருகப்பட்டதாகவே தோன்றும். கையால் மெல்ல இழுத்துப் பார்த்தாலன்றி இத்தகைய குறை புலப்படுவது அரிது.