குடிப்பெயர் பிறந்த கதை

ஐரோப்பிய மக்களுட் பெரும்பாலோர் தம் பெயரோடு குடிப்பெயர் ஒன்றையும் சேர்த்து வழங்குவர். அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவது. அதனை முதன்முதல் இட்டவர் யாவர்? பெரும்பாலும் பெற்றோர் அல்லர். அண்டை அயலாரும், வரி தண்ட வந்த அலுவலருமே ஆவர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டு உழவரும் தொழிலாளரும் ஒற்றைப் பெயரோடு வாழ்ந்தனர். சிற்றூரில் அது போதியதாக இருந்தது. நகரங்கள் பெருகிய பின்னர், ஒரே தெருவில் ஜான் என்னும் பெயருடையார் நால்வர் இருந்தால், 'எந்த ஜான்?' என்னும் வினா எழுமன்றோ? 'கொல்லன் ஜான்', 'ஓடைக்கரை ஜான்', 'வில்லியம் மகன் ஜான்' என மக்கள் பிரித்து அழைத்தனர். அவ்வடைமொழிகளே நாளடைவில் குடிப்பெயர்களாக நிலைபெற்றன. ஆங்கிலத்தில் 'ஸ்மித்', ஜெர்மன் மொழியில் 'ஷ்மிட்', ஹங்கேரிய மொழியில் 'கோவாச்' ஆகிய மூன்றும் கொல்லன் என்றே பொருள்படும். ஊரில் உழுவார் பலர். கொல்லரோ ஒருவர் அல்லது இருவர். ஆதலின், அத்தொழிற்பெயர் ஒருவரைப் பிரித்துக் காட்டுதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. இத்தாலியில் பெருக வழங்கும் 'ரோசி' என்பது செந்நிறத் தலைமயிரைச் சுட்டும். ஐஸ்லாந்து மக்களுட் பெரும்பாலோர் இன்றும் குடிப்பெயர் கொள்வதில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றே வழங்குகின்றனர்.

இவையெல்லாம் ஒருவரை அறிந்தவர் இட்ட பெயர்கள். அறிந்தவர் எவருமில்லாத குழந்தைக்குப் பெயரிடுவார் யார்?

இத்தாலியின் தென்பகுதியில் உள்ள நேப்பிள்ஸ் நகரில் அன்னுன்சியாட்டா என்னும் அறநிலையம் ஒன்று உண்டு. அதன் சுவரில் முன்னாளில் மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று அமைந்திருந்தது. வறுமையாலோ ஊர்ப்பழிக்கு அஞ்சியோ மகவை வளர்க்க இயலாதவர்கள் அதனை அப்பெட்டியில் கிடத்திச் சுழற்றுவர். உள்ளே இருப்போர் எடுத்துக்கொள்வர். விட்டுச் சென்றவர் முகத்தை அவர்கள் காணார். அம்மகவுகளுக்கு 'எஸ்பொசிட்டோ' என்னும் குடிப்பெயர் இடப்பெற்றது. 'வெளியே விடப்பட்டவர்' என்பது அதன் பொருள். அக்குழந்தை வளர்ந்து, தொழில் கற்று, மணம் புரிந்து, மக்களைப் பெற்ற பின்னரும் அச்சொல் நீங்கவில்லை. மக்களுக்கும் மக்களின் மக்களுக்கும் உரியதாயிற்று. 1808 முதல் 1815 வரை அங்கு ஆண்ட மன்னர் மூரா, இனி அப்பெயரை இடலாகாது எனத் தடுத்தார். 1875-ஆம் ஆண்டு சுழல்பெட்டியும் மூடப்பெற்றது. ஆயினும், அந்நகரில் மிகுதியாக வழங்கும் குடிப்பெயர்களுள் எஸ்பொசிட்டோ இன்றும் ஒன்றாக உள்ளது.

பிற நகரத்தார் சற்றே இரக்கம் காட்டினர் என்னலாம். மிலான் நகர மருத்துவமனையின் சின்னம் புறா. ஆதலின், அங்கு விடப்பெற்ற குழந்தைகள் பலர் புறா எனப் பொருள்படும் 'கொலம்போ' என்னும் பெயரைப் பெற்றனர். பிளாரன்ஸ் நகர இல்லத்துக் குழந்தைகளோ 'இன்னொசென்டி', அஃதாவது 'குற்றமற்றவர்', எனப்பட்டனர்.

பிளாரன்ஸ் இல்லம் 1445-ஆம் ஆண்டு முதற் குழந்தையை ஏற்றது; அது பெண் குழந்தை. பிற்காலத்தில், அங்குக் குழந்தையை விடுவோர் சிலர் பதக்கம் ஒன்றை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மகவின் ஆடையில் வைத்து, மறுபாதியைத் தாமே கொண்டு செல்வர். நற்காலம் வந்து குழந்தையைத் திரும்பக் கேட்கும்போது, அப்பாதியே அடையாளமாகும். அத்தகைய பாதிப் பதக்கங்கள் பல அவ்வில்லத்து அருங்காட்சியகத்தில் இன்றும் வைக்கப்பெற்றுள்ளன.