கனடாவில் கஞ்சா: எதுவரை சட்டம் அனுமதிக்கிறது?

கேள்வி: டொரன்டோவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறோம். அங்கே கடையிலேயே கஞ்சா விற்கிறார்களாமே, குற்றமில்லையா?

பதில்: கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல, ஆனால் வரம்புகள் உண்டு. டொரன்டோ அடங்கிய ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். அல்பெர்டாவில் 18, கியூபெக்கில் 21. ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற கடையிலோ அரசின் இணையக் கடையிலோ மட்டுமே வாங்கலாம். பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்கு செடிதான் வளர்க்கலாம். காரில் கொண்டுபோனால் பொட்டலம் பிரிக்காமலோ, வண்டியில் உள்ள எவர் கைக்கும் எளிதில் எட்டாமலோ இருக்க வேண்டும். போதையில் வண்டி ஓட்டுவது குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுத்தால் 14 ஆண்டுவரை சிறை. நாட்டு எல்லையைத் தாண்டி ஒரு கிராம்கூடக் கொண்டுபோகக் கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அது தண்டனைக்குரியது. ஊர் திரும்பும்போது, பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபின் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.