சொல்லிச் செய்யும் வில்: எந்த மரம், எந்தப் பிடி?

கேள்வி: ஐயா, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கிறேன். எங்கள் வில்வித்தைச் சங்கத்தில் ரீகர்வ் வில்லில் பழகிவிட்டு இப்போது லாங்போவுக்கு மாற ஆசைப்படுகிறேன். வில் செய்பவர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் கொடுத்த படிவத்தில் யூ மரம், ஹிக்கரி முதுகு, மூங்கில் முதுகு, ஃபைபர்கிளாஸ், கார்பன் என்று ஐந்து வகை இருக்கின்றன. இப்போது நான் இழுப்பது 34 பவுண்டு, 28 அங்குலம். எதைக் குறிப்பது?
— வாசகர், லெஸ்டர்

பதில்: படிவத்தை நிரப்பும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். இந்த வில்லோடு எந்தப் போட்டியில் போய் நிற்கப் போகிறீர்கள்? பிரிட்டனில் ஆர்ச்சரி ஜிபி விதிப்படி லாங்போ என்றால் மரவில்தான். ஒரே கட்டையில் செதுக்கியதாக இருக்கலாம், பட்டைகளை ஒட்டிச் செய்ததாகவும் இருக்கலாம். மூங்கிலும் மரக் கணக்கில் சேரும். வில்லின் கனம் எந்த இடத்திலும் அகலத்தின் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையக் கூடாது, நுனிகளில் நாண் மாட்டக் கொம்பு முனை வேண்டும். உங்கள் ஐந்தில் கடைசி இரண்டை அந்த விதியே அடித்துவிடுகிறது. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் 3டி போட்டிகளில் நிலைமை வேறு. அங்கே லாங்போ எந்தப் பொருளில் ஆனாலும் சரி, அம்பு மட்டும் மரத்தில் இருக்க வேண்டும். சங்கத்து மைதானத்தில் ஆங்கில லாங்போ பிரிவில் நிற்பதுதான் உங்கள் எண்ணம் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

யூவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்த்த பக்கம், விரிகிறது. வயிறு, அதாவது நம்மைப் பார்த்த பக்கம், நசுங்குகிறது. யூ மரத்தின் வெளிர்நிற வெள்ளைக்கட்டை விரிவைத் தாங்கும், உள்ளே இருக்கும் செம்பழுப்பு வைரக்கட்டை நசுக்கலைத் தாங்கும். மற்ற மரங்களில் இரண்டு பட்டையை ஒட்டிப் பெற வேண்டியதை இது ஒரே கட்டையில் வைத்திருக்கிறது. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் 130க்கும் மேற்பட்ட வில்கள் முழுதாகக் கிடைத்தன. அத்தனையும் யூ. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம், உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். ஆர்டர் கொடுக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். செதுக்கியவர்கள் முடிச்சு வந்த இடத்தில் கட்டையைச் சற்றுத் தடிக்க விட்டுவைத்திருப்பது தெரியும். மரத்தோடு சண்டை போடாமல் அதன் போக்கில் போயிருக்கிறார்கள்.

இத்தனை சொன்ன பிறகும், முதல் லாங்போவாக யூவை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். நல்ல யூக் கட்டை அரிது, பல வருடம் உலர வைக்க வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. அதைவிட முக்கியம், லாங்போவுக்குப் புதிதாக வருபவரின் இழுநீளம் இன்னும் நிலைப்பட்டிருக்காது. ரீகர்வில் 28 அங்குலம் இழுத்தவர் லாங்போவில் அதைவிடக் குறைவாக இழுப்பது சகஜம். சிலர் ஆர்வத்தில் கூடுதலாகவும் இழுத்துவிடுவார்கள். வில்லில் எழுதிய நீளத்தைத் தாண்டி இழுப்பதை மரவில் பொறுத்துக்கொள்ளாது. உங்கள் உடம்பு எந்த அளவில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு யூவுக்குப் போகலாம்.

ஆக, பட்டை ஒட்டிய வில். ஹிக்கரியா, மூங்கிலா? இழுத்துக் கிழிப்பதற்கு ஹிக்கரி அவ்வளவு எளிதில் இடம் கொடுக்காது. அதனால்தான் அது முதுகுப் பட்டையாக இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துவிடும். ஈரம் ஏறிய வில் மெல்ல மந்தமாகி, நாண் கழற்றிய பின்னும் வளைந்தே கிடக்கும். மூங்கில் முதுகு மெல்லியதாக இருந்தாலே போதும், எடையும் குறைவு. இங்கிலாந்தின் ஈரக் காற்றை நினைத்தால் மூங்கில் முதுகும் வயிற்றுக்கு இப்பே அல்லது ஓசேஜ் போன்ற அடர்ந்த மரமும் உங்களுக்கு ஏற்றவை. நீளம் ஆறடிக்குக் குறைய வேண்டாம். குட்டை வில் கடைசி இரண்டு அங்குலத்தில் திடீரென்று கனக்கும், அந்த நேரத்தில்தான் நீங்கள் குறி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இழுவிசை 35 முதல் 38 பவுண்டுக்குள் இருக்கட்டும். 45, 50 என்று மற்றவர்கள் ஆசை காட்டுவார்கள், காது கொடுக்காதீர்கள். இழுக்க முடிவது வேறு, இழுத்து நிறுத்தி நிதானமாக விடுவது வேறு.

பிடியைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆங்கில வில்லில் அம்பை வைக்க மேடை கிடையாது, உங்கள் கைமுட்டியின் மேல்தான் அம்பு உட்கார்ந்து புறப்படும். கை ஒரு விரற்கடை மேலேறினால் அம்பு புறப்படும் இடமும் மேலேறிவிடும். ஆகவே தோல் சுற்றின் மேல் விளிம்பைக் கைக்கு எல்லைக்கோடாக வைத்துத் தரச் சொல்லுங்கள். தடிமனை எண்ணில் எழுத வேண்டாம். நேரில் போய், தோல் சுற்றும் முன் வில்லைப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிறேன். போட்டி எல்லாம் இல்லை, காட்டுப் பாதையில் 3டி இலக்குகளில் பழகுவேன். அமெரிக்க பாணி ஃபைபர்கிளாஸ் லாங்போ சொல்லப் போகிறேன், 40 பவுண்டு. உள்ளே மேப்பிளா, மூங்கிலா, கூடுதல் விலை கொடுத்துக் கார்பன் போடலாமா? பிடியில் நேர்ப்பிடி, குழிப்பிடி, லொகேட்டர் என்று மூன்று கேட்கிறார்கள்.
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: மரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. வளையும் எந்தப் பொருளிலும் வேலை அதிகம் நடப்பது மேற்பரப்பில். உங்கள் வில்லில் முதுகிலும் வயிற்றிலும் இருப்பது ஃபைபர்கிளாஸ், பாரத்தில் பெரும்பங்கை அதுவே சுமக்கும். உள்ளே இருக்கும் மரம் அந்த இரண்டு தகட்டையும் சரியான இடைவெளியில் பிடித்து நிறுத்துகிறது. எடை குறைந்த உள்மரம் என்றால் அம்பு போன பின் கையில் அதிர்வு சற்றுக் குறையும், அதனால் மூங்கில் நல்ல தேர்வு. ஹோவர்ட் ஹில் என்ற அமெரிக்க வில்லாளி மூங்கிலைத்தான் விரும்பினார். 1938இல் வந்த ராபின் ஹுட் திரைப்படத்துக்காக அம்பு எய்தவர் அவர். மேப்பிளும் குறைந்ததல்ல, அழகுக்காக எதை வேண்டுமானாலும் எடுங்கள்.

கார்பன் முறுக்கலைத் தாங்கும், எடை குறைவு, அம்பின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டும். அந்தக் கொஞ்சத்துக்காக நீங்கள் கொடுக்கும் பணம் அதிகம். அதே பணத்தில் விறைப்பு பார்த்துத் தேர்ந்த ஒரு டஜன் நல்ல மர அம்பு வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. அதிர்வுக்கும் மருந்து அம்பில்தான் இருக்கிறது. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெய்ன் என்று வைத்தால் உங்கள் அம்பு 400 கிரெய்ன், ஏறக்குறைய 26 கிராம் வரும். அதைவிட மிகவும் இலேசான அம்பு தீராத சக்தியை வில்லிலேயே விட்டுவிட்டுப் போகும், அது உங்கள் முழங்கைக்கு வந்து சேரும்.

உங்கள் பணமும் நேரமும் போக வேண்டிய இடம் பிடி. நேர்ப்பிடி உருளைக் கழிபோல ஒரே சீராக இருக்கும். கைப்பெட்டியைத் தூக்குவதுபோல அடிக்கை அழுந்தப் பிடிப்பார்கள், ஹில் பாணி வில்களில் இதைக் காணலாம். அதில் கையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதே சிக்கல். ஓர் அம்புக்கு ஓர் இடம், அடுத்த அம்புக்கு வேறு இடம் என்று தெரியாமலே மாறிவிடும். குழிப்பிடியில் தொண்டைப் பகுதி மெல்லக் குழிந்திருப்பதால் கை தானாக ஓரிடத்துக்கு வரும். லொகேட்டரில் அந்தக் குழி இன்னும் தெளிவாக, ரீகர்வை நினைவூட்டும்படி இருக்கும். நீங்கள் காட்டில் மேடு பள்ளத்தில் கால் கோணலாக நின்று எய்பவர். பார்க்காமலே கை சரியான இடத்தில் உட்கார வேண்டும். லொகேட்டரையே எடுங்கள். பழமைப் பிரியர்கள் முகம் சுளித்தால் பொருட்படுத்த வேண்டாம்.

அகலம் குறைவாக இருக்கட்டும். அகன்ற பிடியில் கை சற்றுத் திரும்பினாலும் வில்லும் திரும்பும். அழுத்தம் கட்டைவிரலின் அடிச்சதையில் விழ வேண்டும், உள்ளங்கையின் வெளிப்பாதி வில்லைத் தள்ளக் கூடாது. உங்கள் கையைத் தாளில் வரைந்து அனுப்புங்கள், கூடவே ரீகர்வ் பிடியில் உங்கள் மணிக்கட்டு உயர்ந்திருக்குமா தாழ்ந்திருக்குமா என்றும் எழுதுங்கள். அம்பு மேடையை நடுக்கோடு வரை வெட்டித் தரச் சொன்னால், அம்பின் விறைப்பு அச்சொட்டாகப் பொருந்தாவிட்டாலும் வில் மன்னிக்கும். மேடை நடுக்கோட்டுக்கு வெளியே தள்ளிப் போகப் போக இன்னும் நெகிழ்ந்த அம்பு தேவைப்படும்.

கேள்வி: கை அதிகம் வியர்க்கும். தோல் பிடி சரியா? லீவுக்கு மதுரைக்கு வரும்போது வில்லையும் கொண்டுவரலாமா?
— அதே வாசகி

பதில்: வழவழப்பான தோல் வியர்வையில் வழுக்கும். சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியும்படி சுற்றிய மெல்லிய ஸ்வேட் தோல் அல்லது நெருக்கமாகச் சுற்றிய கயிறு நல்லது. இரண்டையும் தடிமனாகச் சுற்ற விடாதீர்கள், தேர்ந்தெடுத்த அளவு போய்விடும்.

கொண்டுவருவதாக இருந்தால் ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டாகக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். பிடிக்குள் ஓர் உறையில் இரு பாதியும் பொருந்தும், அதனால் பிடி சற்றுத் தடிக்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் கையளவைச் சொல்ல வேண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதுரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை ஒருபோதும் விட்டு வைக்காதீர்கள். பட்டைகளைப் பிடித்திருக்கும் எபாக்ஸி பசை அந்தச் சூட்டில் இளகக்கூடும், ஒருமுறை பிரிந்த பட்டையைப் பழையபடி ஒட்டித் தர யாராலும் முடியாது. வீட்டில் நாணைக் கழற்றி, நிழலான சுவரில் படுக்கைவாட்டில் இரண்டு ஆணியில் தாங்கி வையுங்கள்.