கொறங்காட்டு மேய்ச்சலும் கொழுக்கட்டைப் புல்லும்

மழை குறைந்த காங்கயம், தாராபுரம் பிரதேசங்களில், கிளுவை வேலியிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, புல்லுக்கென்றே ஒதுக்கிய நிலத்தைக் கொறங்காடு என்பர். காங்கயம் மாடுகளை வளர்த்து வந்திருப்பது இந்நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லேயாகும். ஒருமுறை வேரூன்றினால் பல்லாண்டு நிற்கும் இப்புல், ஒரு காட்டில் செழித்தும் அடுத்த புறம்போக்கில் அற்றும் காணப்படுமாயின், மண்ணைக் குறை கூறுமுன் மேய்ச்சல் முறையைக் கவனித்தல் வேண்டும்.

புல் தன் ஆகாரத்தை இலையில் உண்டாக்கி, மிகுதியை அடித்தூரிலும் வேரிலும் சேமிக்கிறது. மேயப்பட்ட தூர் அச்சேமிப்பைச் செலவிட்டே மறுபடி துளிர்க்கிறது. செலவு ஈடாகுமுன் துளிரும் கடிக்கப்பட்டால் முதலே கரையும். அமெரிக்க நிபுணர் கிரைடர் 1955-ல் வெளியிட்ட சோதனைகளில், இலைத் திரளில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் வெட்டியபோது வேர் வளர்ச்சி வெகுவாய்த் தடைப்பட்டது. 80 சதவிகிதம் வெட்டியபோது 12 நாட்கள் முற்றிலும் நின்றது. வேர் குறுகிய தூர் கோடையில் முதலில் மடியும்.

மாடு நாவினால் புல்லை வளைத்து இழுப்பதால் அடித்தாள் சிறிது மிஞ்சும். செம்மறியாடு பிளந்த மேலுதட்டினால் மண்ணையொட்டிக் கடிக்கும். மாட்டின்பின் ஆட்டை விடுவது பழைய வழக்கமே. வாரக்கணக்கில் நிறுத்துவதே கேடு. நல்ல புல் அழிந்த இடத்தில் ஓராண்டுப் புற்களும், பின்னர் ஆவாரை, கொழிஞ்சி முதலியனவும் பரவும். அப்பசுமையைத் தூரத்திலிருந்து கண்டு மகிழ்வோர் உளர், மாடுகள் ஏமாறுவதில்லை.

அறவே மேய்க்காமல் விடுவதும் தகாது. தாள் முற்றி நாராகிவிடும்.

மழைக்குப்பின் தூர் ஒரு சாண் உயரும்வரை கால்நடைகளைத் தடுத்து, பாதி மேய்ந்ததும் அடுத்த அடைப்புக்கு மாற்றுதல் நலம். ஈரம் மிகுந்த நாட்களில் குளம்புகள் மண்ணை இறுக்குமாதலால் அப்போதும் ஓட்டலாகாது. காட்டைக் குத்தகைக்கு விடுவோர் தொகையை மட்டும் பேசி முடிக்கின்றனர். ஓராண்டு மட்டும் மேய்ப்பவருக்கு அடுத்த ஆண்டுத் தூரைப்பற்றி என்ன கவலை? உருப்படிகளின் எண்ணிக்கையையும், காலியாக்கும் நாளையும் குத்தகைச் சீட்டிலேயே எழுதுவது உசிதம். ஊர்ப் புறம்போக்கிலும் ஒரு பகுதியை முறைவைத்து மூடுவதற்குக் கிராம அதிகாரிகள் ஊராரைக் கூட்டி ஏற்பாடு செய்யலாம்.

தூர் அற்ற இடத்தில் ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ விதையை மழைக்கு முன் தூவலாம். புதிதாய் உதிர்ந்த விதை உடனே முளைக்காது. சில மாதங்கள் வைத்திருந்ததே ஏற்றது. முதலாண்டில் புல் விதை உதிர்க்கும்வரை மேய்ச்சல் கூடாது.