பழுதடைந்த சேவையகமும் அடைவுப் பதிவுகளும்

குண்டசாலையிலுள்ள பாடசாலையொன்றின் கணினி ஆய்வுகூடத்தைக் கருதுக. நாற்பது கணினிகள், இரண்டு சேவையகங்கள். சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் கண்டிப் பிரதேசத்தில் இடிமின்னலுடன் மழை பெய்வது வழமை. அத்தகைய ஒரு நாளில் முதலாவது சேவையகம் எரிந்துவிடுகின்றது எனக் கொள்வோம். மறுநாட் காலை கடவுச்சொல்லை இட்டதும் சில கணினிகள் உடனே திறக்கின்றன. சில பல நிமிடங்கள் காத்திருக்க வைக்கின்றன. இயங்கும் சேவையகம் ஒன்று இருந்தும் இத்தாமதம் ஏன்?

வலையமைப்பிலுள்ள பயனர், கணினி, அச்சுப்பொறி ஆகியவற்றின் விபரங்களைத் தாங்கும் பதிவேடே அடைவு எனப்படும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அக்டிவ் டிரக்டரி இதற்கு உதாரணமாகும். அடைவைத் தாங்கும் சேவையகம் ஆள்களக் கட்டுப்படுத்தி எனப்படும். இரு கட்டுப்படுத்திகளும் அடைவின் பிரதியைத் தம்மிடையே பரிமாறிக்கொள்ளும். அவற்றின் சொந்தப் பெயர்களும் அடைவிலும் ஆள்களப் பெயர் முறைமையிலும் (டிஎன்எஸ்) பதியப்பட்டிருக்கும்.

எரிந்த இயந்திரம் தன் பெயரைத் தானே அழிக்க மாட்டாது. பாடசாலையை விட்டு விலகிய மாணவனின் பெயர் வரவு இடாப்பில் வெட்டப்படாதிருந்தால் ஆசிரியர் நாள்தோறும் அழைத்துக் காத்திருப்பார் அல்லவா? கணினிகளும் அவ்வாறே இல்லாத சேவையகத்தை அழைத்துக் காத்திருக்கின்றன.

துப்புரவாக்கும் முறை

முதலில் அது மீட்க முடியாததுதானா என உறுதி செய்க. மின்வழங்கி மாத்திரம் பழுதெனின் அதை மாற்றி இயக்கினாற் போதும். பதிவுகளைத் தொடக் கூடாது. ஆயினும் 180 நாட்களுக்கு மேல் (இயல்பான அமைப்பின்படி) துண்டிக்கப்பட்டிருந்த கட்டுப்படுத்தியை மீள இணைத்தலாகாது. அழிக்கப்பட்ட பழைய பதிவுகள் அதனூடாகத் திரும்பி வரக்கூடும்.

மீட்க முடியாதெனின், அது வகித்த சிறப்புப் பொறுப்புகளை (மொத்தம் ஐந்து) உயிருள்ள சேவையகம் கையேற்க வேண்டும். பின்னர் எரிந்த சேவையகத்தின் கணக்கை நீக்குக. விண்டோஸ் சேவர் 2003 வரை இதற்கு நீண்ட கட்டளைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டியிருந்தது. 2008 பதிப்பிலிருந்து கணக்கை நீக்கியதும் உட்பதிவுகளும் நீங்கும். டிஎன்எஸ் பதிவுகளில் எஞ்சியவற்றைத் தேடி அழிக்க வேண்டும். பலரும் மறப்பது இறுதிப்படியையே: நாற்பது கணினிகளின் அமைப்புகளிலும் பழைய டிஎன்எஸ் முகவரி இருக்கின்றதா எனப் பார்த்தல்.

பொறுப்புகள் கையேற்கப்பட்டபின் பழைய சேவையகத்தை அப்படியே மீண்டும் இணைத்தால், இரண்டும் ஒரே அடையாள எண்களைப் புதிய பயனர்களுக்கு வழங்க நேரலாம். ஆகவே வன்தட்டை அழித்துப் புதிதாக நிறுவுதல் வேண்டும்.

எல்லாப் பிரதிகளும் அழிந்தால்?

2017 ஜூன் 27 இல் நொட்பெட்யா எனும் தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. ஏறத்தாழ 150 ஆள்களக் கட்டுப்படுத்திகளுள் எஞ்சியது ஒன்று மாத்திரமே. கானாவில் மின்வெட்டினால் அவ்வேளை வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தமையால் அது தப்பியது! அதைக் கொண்டே அடைவு மீள அமைக்கப்பட்டது. இலங்கையில் 2023 ஆகஸ்டில் அரச முகில் முறைமை தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்குத் துண்டித்து வைக்கப்பட்ட காப்பு நகல் இருக்கவில்லை.

மாதிரி வினா: இரண்டு ஆள்களக் கட்டுப்படுத்திகள் உள்ள வலையமைப்புக்குக் காப்பு நகல் அவசியமா? காரணம் தருக.

விடை: ஆம். ஒன்றில் தவறுதலாக அழிக்கப்படும் பதிவு பரிமாற்றத்தினால் மற்றையதிலும் அழிந்துவிடும்.