எழுத்தெண்ணலும் குறிமுறைத் தேர்வும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஆயினும் எண்ணுமிடத்து ஒவ்வொன்றும் ஓரெழுத்தே. அளவு வேறு, எண்ணிக்கை வேறு என்பதை இலக்கணம் தொடங்கிய மாணவனும் அறிவான். நிரலாளர் சிலர் இதனை மறத்தலாலன்றோ தமிழ்ப் பெயர்கள் படிவங்களில் வாலறுந்து நிற்கின்றன!

ஒருங்குறி ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணை வழங்குகின்றது. ஓரெழுத்தாகிய 'யா' அங்கே யகரமும் அரவும் என இரு குறி. 'ழ்' ழகரமும் புள்ளியும். அவ்வெண்ணைக் கணினியின் நினைவகத்தில் எத்தனை பைற்றுக்களில் எழுதுவது என்பதே குறிமுறை. செய்நிரல்களுக்கு அடித்தளமாகும் சட்டகத்தை அமைப்போர் முதலில் துணியவேண்டியது இதுவாம்.

1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்த காலை, 65,536 இடங்கள் உலக மொழிகளுக்குப் போதுமெனக் கருதினர். அதனை நம்பி விண்டோஸ் என்.ரி., யாவா, யாவாஸ்கிரிப்ட் ஆகியன குறியொன்றுக்கு இரு பைற்று வகுத்தன. இடம் போதவில்லை. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு, எல்லைக்கு அப்பாற்பட்ட குறிகளை ஈரலகாகப் பிளந்தெழுதும் யூ.ரி.எவ்.-16 முறையை ஏற்றது. 2019இல் சேர்க்கப்பட்ட முந்திரி, காணி முதலிய நம் பின்னக் குறிகள் அவ்வெல்லைக்கு வெளியிலேயே உள்ளன. முந்திரி ஒன்றை யாவாஸ்கிரிப்ட் இரண்டென எண்ணும்!

1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எவ்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று, தமிழ்க் குறிக்கு மூன்று. 'யாழ்ப்பாணம்' என்பதில் எழுத்து 6, குறி 11, யூ.ரி.எவ்.-16இல் 22 பைற்று, யூ.ரி.எவ்.-8இல் 33. இழப்பு மெய்யே. எனினும் இணையப் பக்கத்தில் தமிழைச் சூழ்ந்துள்ள கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தின ஆதலின், அங்கே மிச்சமும் உண்டு. கோப்புக்களும் வலைத்தொடர்புகளும் பெரிதும் இம்முறையையே கையாளுகின்றன. ஸ்விப்ட் மொழி 2019இல், தன் ஐந்தாம் பதிப்பில், யூ.ரி.எவ்.-16ஐ விடுத்து இதற்கு மாறிற்று. புதிதாகச் சட்டகம் அமைப்போர் இதனையே கொள்க என்பது எம் கருத்து.

ஆயின், எம்முறையைக் கொள்ளினும் வெட்டுமிடத்தில் விழிப்பு வேண்டும். பத்துக் குறியோடு நிறுத்தின் 'யாழ்ப்பாணம' என்றாகும்; புள்ளியிழந்த மகரமெய் உயிர்மெய்யாய்விடும். பைற்றெண்ணி வெட்டின் குறியே சிதையும். இன்னுமொன்று: 'கொ' என்பதை இரு குறியாகவும், கொம்பையும் அரவையும் பிரித்து மூன்று குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு வடிவாக்காது ஒப்பிடும் நிரலுக்கோ வெவ்வேறு. பெயரைத் தேடுபவர் 'பதிவில் இல்லை' என்னும் விடை பெறுவது இதனாலும் நேரும்.

கணினி பயிலும் மாணவர் ஒரு சோதனை செய்க. 'யாழ்ப்பாணம்' என்பதன் நீளத்தை வினவின், ரஸ்ட் 33 என்னும். யாவாஸ்கிரிப்ட் 11 என்னும். ஸ்விப்ட் 6 என்னும்.